கடைமடையிலிருந்து கலெக்டர் ஆபீஸுக்கு

கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறோம் என்று சொன்னதும் கிருபா அக்கா பெட்டியைத் திறந்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த மஞ்சள் புடவை, கண்ணாடி வளையல், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோகும் கைப்பை எல்லாம் கட்டிலுக்கு வந்துவிட்டன. நாங்கள் போகவேண்டிய நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவான பெண் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த காகிதம் வீட்டில் இருக்கிறது. பத்து வரை எண்ணுவாள். கீர்த்தனைகளை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை பிசகாமல் பாடுவாள். தெருவில் எந்த நாய் எந்த வீட்டுடையது என்று அவளைக் கேட்டால் போதும். நான் அவளுக்கு மூன்று வயது இளையவன். மஸ்கட்டில் ஏசி பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. பத்தொன்பது வருடமாக அங்கேதான்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலத்தில் அம்மா இறந்துபோனார். அப்பா அதற்கு முன்பே போயாயிற்று. அக்காவோடு வீட்டில் மிச்சமிருந்தது எங்கள் சித்தப்பா மகள் எஸ்தர் மட்டும். கட்டிக்கொடுத்த இடம் சரிவராமல் திரும்பி வந்தவள். முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். அக்காவுக்கு வலது கண்ணில் புரை வளர்ந்து பார்வை மங்கிக்கொண்டிருந்தது. அறுவை செய்யலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆனால் அவளுக்காக யார் கையெழுத்துப் போடுவது? அம்மா இருந்தவரை அந்தக் கேள்வியே வந்ததில்லை. இனி சட்டப்படி ஒரு பாதுகாவலர் வேண்டும். கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது, அது அக்காவை நேரில் பார்த்துச் சான்றிதழ் தரும் என்றார்கள். அதற்காகத்தான் மூன்று வார விடுப்பில் வந்திருந்தேன்.

எங்கள் கிராமம் கொள்ளிடம் ஊருக்குக் கிழக்கே, கடலை ஒட்டி. அப்போது நாங்கள் நாகப்பட்டினம் மாவட்டம். வரைபடத்தில் பார்த்தால்தான் இதன் விசித்திரம் புரியும். நாங்கள் வடக்கு முனை, நாகப்பட்டினம் தெற்கே, நடுவில் காரைக்கால். காரைக்கால் புதுச்சேரி அரசாங்கத்தைச் சேர்ந்தது. எங்கள் சொந்தக் கலெக்டரைப் பார்க்க இன்னொரு அரசாங்கத்தின் மண்ணைத் தாண்டிப் போகவேண்டும்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். சீர்காழியில் நாகப்பட்டினம் வண்டி கிடைத்தது. அக்காவுக்கு ஜன்னலோரம். மங்கிய கண்ணை மூடிக்கொண்டு, நல்ல கண்ணால் வெளியே பார்த்தபடி வந்தாள். ஒவ்வொரு ஊர் வந்தபோதும் “இதானா?” என்றாள். “இல்லக்கா” என்றால் சந்தோஷப்பட்டாள். இன்னும் பயணம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.

திருக்கடையூரில் டயர் வெடித்தது. மாற்று டயர் இல்லை, அடுத்த வண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்றார் கண்டக்டர். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினோம். தெரு முழுக்க மாலையும் கழுத்துமாக வயதானவர்கள். அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர்போன ஊராயிற்றே! அக்காவுக்கு அது தெரியாது.

“கல்யாணம்!” என்று கத்தியவள், நான் பிடிப்பதற்குள் நரைத்த தலையில் முழம் முழமாக மல்லிகை வைத்திருந்த ஓர் அம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

“ஒனக்கு இப்பதான் கல்யாணமா?”

அந்த அம்மாவின் மகன்கள், அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் போலிருக்கிறது, கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த அம்மா அக்காவின் கன்னத்தைத் தொட்டார்.

“ரெண்டாவது தடவைம்மா. அதே ஆளோடதான்.”

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வெட்கப்பட்டுச் சிரித்தார். அக்காவின் தலையில் ஒரு துண்டு மல்லிகை ஏறியது. கையில் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல். அடுத்த பேருந்து வரும்வரை தொன்னையை நக்கிக்கொண்டிருந்தாள். மஸ்கட்டில் பேருந்து ஐந்து நிமிடம் தாமதமானால் எரிந்து விழுகிறவன் நான். அன்று ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

அடுத்த வண்டி காரைக்கால்வரைதான். அதில் எங்களுக்கு எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் இருந்தார். பெயர் கோவிந்தராசு, ஆக்கூர் பக்கம் விவசாயி. மடியில் ரோஸ் நிறத் துண்டுப் பிரசுரங்கள் ஒரு கட்டு. என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார்.

“மனுவா தம்பி? எந்த ஊரு?”

“கொள்ளிடத்துக்குக் கெழக்க சார்.”

“அப்ப நீங்களும் கடைமடைதான்.”

வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயல்களுக்குக் கடைமடை என்று பெயர். மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லாருக்கும் பாய்ந்து முடித்து அங்கே வரும். வராமலும் போகும்.

“தண்ணி மட்டும் இல்ல தம்பி. ரோடு, ஆஸ்பத்திரி, காலேஜு, தொழிற்சாலை எல்லாம் தலைமடையிலயே நின்னுடுது. நம்ம வரைக்கும் வந்து சேர்றது ஓட்டுக் கேக்குறவங்கதான். அதான் கேக்குறோம், தஞ்சாவூரு, திருவாரூரு, நாகப்பட்டினம் எல்லாத்தையும் சேத்து ஒரு தனி மாநிலம் குடுங்கன்னு.”

முன்னிருக்கையில் இருந்த ஒரு பெண் திரும்பினார். கையில் விடைத்தாள் கட்டு இருந்தது, ஆசிரியையாக இருக்கவேண்டும்.

“ஏங்க, பிரிச்சா மேட்டூரு அணை அந்தப் பக்கம் போயிடுமே? இப்ப கர்நாடகாகிட்ட கேக்குறோம். அப்பறம் சேலத்துக்காரங்ககிட்டயும் கேக்கணுமா?”

பேருந்தே சிரித்தது. கோவிந்தராசுவும் சிரித்தார். பிறகு சொன்னார்: “கேக்கறதுக்கு நமக்குன்னு ஒரு முதலமைச்சர் இருப்பாரும்மா. டெல்டாவைத் தவிர அவருக்கு வேற வேலை இருக்காது. இப்ப நமக்காக மட்டும் கேக்க யாரு இருக்கா?”

ஆசிரியை விடைத்தாள் கட்டை மடியில் சரிசெய்துகொண்டார். அவர் ஒப்புக்கொண்டார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் யோசித்தார்.

எனக்கு மஸ்கட்டில் என் அறையிலிருந்த மல்லேஷ் ஞாபகம் வந்தது. கரீம்நகர்க்காரன். தெலங்கானா போராட்டம் உச்சத்திலிருந்த வருடங்கள் அவை. செய்தி பார்த்துக் கண்ணீர் விடுவான். எங்கள் ஊர் வழியாக ஆறு போகிறது, எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருவதில்லை என்பான். ஒருநாள் நான் கேலியாகச் சொன்னேன், ஊருக்கே சோறு போடுகிற மண் எங்களுடையது, எங்களுக்கெல்லாம் தனி மாநிலம் தேவைப்படாது என்று. அவன் இந்தியில் நிதானமாகக் கேட்டான்: “அப்படியானால் இந்த வெயிலில், எனக்கு மேல் கட்டிலில் நீ எதற்குப் படுத்திருக்கிறாய்?”

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. பதினேழு வீட்டு ஆண்கள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தார்கள்.

கோவிந்தராசு தனி மாநிலம் கேட்கும் மனுத் தாளையும் பேனாவையும் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். நானும் என்றாள் அக்கா. வண்டி குலுங்கிய குலுங்கலில் தாள் முழுக்க ஒரு ‘கி’ எழுதினாள். அது மற்ற ஆறு பேர் கையெழுத்தின் மேல் படர்ந்துவிட்டது. “பரவால்ல, பெரிய மனசு” என்று சொல்லித் தாளை மடித்துக்கொண்டார் அவர்.

காரைக்காலில் இறங்கி, இன்னொரு வண்டி பிடித்து, அப்புறம் ஒரு மினி பஸ்ஸில் ஏறிக் கலெக்டர் ஆபீஸ் சேர்ந்தபோது பதினொன்றேகால். அலுவலர் நல்ல மனிதர். தாள்களைச் சரிபார்த்தார், ஒரு நகல் குறைந்தது, அவரே எடுத்துக் கொடுத்தார். ஆனால் குழு வியாழக்கிழமைதான் கூடுகிறது.

“அன்னிக்கும் இவங்களக் கூட்டிட்டு வரணுமா சார்?”

“அவங்களப் பாக்குறதுக்குத்தான் சார் குழுவே.”

வீடு திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அக்கா எஸ்தரிடம் பொங்கலைப் பற்றியும் மணப்பெண்ணைப் பற்றியும் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள்.

செவ்வாயும் புதனும் ஊரில். எங்கள் வாய்க்காலில் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் திறந்து இரண்டு மாதமாகிறது, எங்கள் பக்கம் இன்னும் கால் நனையும் அளவுக்குத்தான் வந்திருந்தது. நாற்று தயாராக நின்றது. ஆட்கள் பேசிக்கொண்டது தண்ணீரைப் பற்றி இல்லை. யாருக்கு விசா வந்திருக்கிறது என்பதைப் பற்றி.

எஸ்தர் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், “சான்றிதழ் என் பேருல வந்துட்டா அப்பறம் ஒனக்குத் தொந்தரவு இல்ல எஸ்தர். எந்தக் கையெழுத்தா இருந்தாலும் நான் பாத்துக்குவேன்.”

“அங்கேருந்தா அண்ணே?”

“ஃபோன் இருக்குல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வர்றேன்ல.”

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். “சரிண்ணே” என்றாள். அந்தச் ‘சரி’யை நான் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காரைக்காலில்தான் அது நடந்தது. நாகப்பட்டினம் வண்டிக்காக நின்றிருந்தோம். அக்கா பசிக்கிறது என்றாள். “இங்கயே நில்லுக்கா” என்று சொல்லிவிட்டு நாலு எட்டில் இருந்த கடைக்குப் பழம் வாங்கப் போனேன். திரும்பினால் அக்கா இல்லை. வண்டி ஒன்று நிலையத்தைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த நிமிடத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. “அக்கா, அக்கா” என்று கத்திக்கொண்டு பேருந்து பேருந்தாக ஏறி இறங்கினேன். நாற்பத்துநாலு வயது ஆள் அப்படி ஓடுவதைப் பார்த்து ஜனங்கள் வழிவிட்டார்கள். நேரக் காப்பாளர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மஞ்சள் புடவை என்று சொன்னேன். கிளம்பிப்போன வண்டியின் கண்டக்டருக்கு அவர் ஃபோன் போட்டார்.

“இருக்காங்களாம் சார். தம்பியக் காணும்னு அழுதாங்களாம். ஒரு பாய் வீட்டம்மா கூட்டிக்கிட்டு நாகூர்ல எறங்கிட்டாங்களாம். தர்காவுக்குப் போற தெருவுல பலகாரக் கட. போங்க, ஓடுங்க.”

ஆட்டோ பிடித்தேன். வாஞ்சூர் எல்லையில் ஓட்டுநர் நிறுத்திவிட்டார். “அந்தப் பக்கம் தமிழ்நாடு சார், எனக்கு பர்மிட்டு இல்ல. மன்னிச்சுக்கங்க” என்றார். அவரைக் கோபிக்க முடியாது. நான் நின்ற இடத்தில் தார்ச்சாலையின் நிறம்கூட மாறவில்லை. அந்தப் பக்கமும் அதே கருவேலம், அதே உப்புக்காற்று, அதே தமிழ். எங்கேயோ யாரோ போட்ட கோடு. அக்கா அதைத் தெரியாமலே தாண்டிவிட்டாள். நான் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நாகூர்வரை ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

கடை வாசலில் ஸ்டூல் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். கையில் இறால் பதித்த வாடா. அந்த ஊர் வடை. கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“எங்கடா போன? தேடுனேன்ல?”

கடைக்கார அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சிரித்தார். “நீங்கதானா அந்தத் தம்பி? சின்னப் புள்ள, வழி தெரியாதுன்னு சொல்லி ஒரே அழுவை. நான் என்னமோ அஞ்சு வயசுப் புள்ளைய தொலைச்சுட்டாங்கன்னுல்ல நெனச்சேன்.”

எனக்கும் ஒரு வாடா கொடுத்து உட்காரச் சொன்னார். நான் மஸ்கட் என்றதும் அவர் முகம் மாறியது. “எங்க வூட்டுக்காரவுங்க சவூதில. கல்யாணம் ஆன மூணாம் மாசம் போனவுங்க. நாலு புள்ளைக்கும் காய்ச்சல் வந்தா தூக்கிக்கிட்டு ஓடுனது நாந்தான். அவுங்க நல்லவுங்க, ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். ஆனா காய்ச்சலு அன்னிக்கி அவுங்க இல்ல.” சொல்லிவிட்டு எண்ணெயில் அடுத்த வாடாவைப் போட்டார். அக்கா அவரை விட்டு வர மனமில்லாமல்தான் வந்தாள்.

குழு முன்னால் எங்களைக் கடைசியாக அழைத்தார்கள். கலெக்டர் ஓர் இளம் பெண். அக்கா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று “குட்மார்னிங் டீச்சர்” என்றாள். அவர் நாற்காலியைத் திருப்பி அக்காவுக்கு எதிரே போட்டுக்கொண்டார். நான் ஃபைலை நீட்டினேன். “முதல்ல அவங்ககிட்ட பேசிடறேன்” என்றார்.

“உங்க பேர் என்னம்மா?”

“கிருபா. வாடா தின்னேன்.”

“வீட்டுல யார் கூட இருக்கீங்க?”

“எஸ்தரு.”

“இவர் யாரு?”

“தம்பி.” என் கையைத் தட்டிக் கொடுத்தாள். “நல்ல தம்பி.”

“உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா யாரக் கூப்பிடுவீங்க?”

“எஸ்தரு.”

“தம்பியக் கூப்பிட மாட்டீங்களா?”

அக்கா யோசித்தாள். என் மனம் கோணக்கூடாதே என்று தேடித் தேடிச் சொன்னது போலிருந்தது.

“தம்பி தூரம்” என்றாள். “கூப்ட்டா கேக்காது.”

மூன்று நாள் முன்பு பேருந்தில் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் சொல்லியிருந்ததும் இதைத்தான். தூரத்தில் இருக்கிறவர்கள் கெட்டவர்களாக இருக்கவேண்டியதில்லை. கூப்பிட்டால் அவர்களுக்குக் கேட்காது, அவ்வளவுதான். அதை அரசாங்கத்தைப் பார்த்துச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

“நீங்க என்ன சொல்றீங்க சார்?” என்றார் கலெக்டர்.

நீட்டிய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டேன். “எஸ்தர் பேருக்கு மாத்திடுங்க மேடம்” என்றேன்.

அதற்கு எஸ்தர் மனுச் செய்யவேண்டும், அவளும் நேரில் வரவேண்டும். அடுத்த கூட்டம் இரண்டு வாரம் கழித்து. கலெக்டரே வருத்தப்பட்டார், விதி அப்படி. விடுப்பை நீட்டித்தேன். மூன்றாவது முறை நாங்கள் மூன்று பேருமாகப் போனோம். எஸ்தர் தைக்கவேண்டிய துணிகளை அடுக்கிவைத்துவிட்டு வந்தாள். குழு முன்னால் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“என்னண்ணே, இத்தினி வருஷம் இவளப் பாத்துக்குறேன். எனக்கு யாரும் இப்பிடி எழுதிக் குடுத்ததில்ல.”

அக்காவின் கண் அறுவை அந்த வருடமே நல்லபடியாக முடிந்தது. எஸ்தர்தான் கையெழுத்துப் போட்டாள். நான் அன்று மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடியில் ஏசி பிரித்துக்கொண்டிருந்தேன். கட்டுப் பிரித்ததும் அக்கா ஃபோனில் சொன்னாள், “எஸ்தருக்கு மூக்குல மரு இருக்குடா.”

மல்லேஷுக்கு அவன் மாநிலம் கிடைத்தது. இனிப்பு வாங்கி எங்கள் குடியிருப்பு முழுக்கக் கொடுத்தான். அடுத்த வருடம் அவன் ஊருக்குப் போய்விட்டான். அதற்கடுத்த வருடம் நானும். எங்களுக்குத் தனி மாநிலம் வரவில்லை. வரவேண்டுமா என்றால், அந்த ஆசிரியை கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்றும் முழுப் பதில் இல்லை. ஆனால் யாராவது மாநிலத்தை, மாவட்டத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்று வாதம் செய்தால் நான் கேட்பது ஒன்றுதான். கிருபா அக்கா போன்ற ஒருத்தி போய்த் திரும்ப எத்தனை பேருந்து ஏறவேண்டும்?

பிற்பாடு மயிலாடுதுறை தனி மாவட்டமானது. எங்கள் ஊரும் அதில் சேர்ந்தது. அக்காவின் அடையாள அட்டையைப் புதுப்பிக்க நாங்கள் மூவரும் முதல் தடவையாக அங்கே போனோம். யாரும் தொலையவில்லை. இன்னோர் அரசாங்கத்தைத் தாண்டவில்லை. வேலை முடிந்து, இட்லி தின்று, வண்டியேறி, வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி பன்னிரண்டு.

கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற நாளில் எங்களுக்கு மத்தியானம் என்று ஒன்று இருந்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று பேரும் கூடத்தில் நின்றோம். எஸ்தர் மெஷினைத் திறந்தாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டு வாசலுக்குப் போனேன். தெரு வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. உள்ளே வந்து பார்த்தால் அக்கா மஞ்சள் புடவையோடே பாயை விரித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் எனக்கும் ஒரு தலையணை போட்டிருந்தாள்.

“தூங்குடா” என்றாள். “இன்னும் வெளிச்சமா இருக்கு.”